பூத்தும் காய்க்காத கொல்லை நெல்லி

வீட்டுக் கொல்லையில் ஒரு நெல்லி மரம் இருக்க வேண்டும் என்று விரும்பாத குடும்பம் கிராமங்களில் குறைவு. துவாதசிச் சமையலுக்கு வேண்டும், ஊறுகாய்க்கு வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு உப்பு தொட்டுத் தின்ன வேண்டும். எனவே ஒரு கன்றை வாங்கி வந்து கிணற்றடியிலோ மாட்டுத் தொழுவத்தின் ஓரத்திலோ நட்டு விடுகிறார்கள். கன்று நன்றாகவே வளர்கிறது. சில ஆண்டுகளில் பூக்கவும் செய்கிறது. தேனீக்கள் மொய்க்கின்றன. ஆனால் காய் மட்டும் காணப்படுவதில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே. ஏழெட்டு ஆண்டுகள் பார்த்து அலுத்த பின், "இது ஆண் மரம், வெட்டி விறகாக்கு" என்ற முடிவுக்கு வந்து விடுகிறார்கள்.

இவ்வாறு வெட்டுண்ட மரங்களில் பெரும்பாலானவற்றில் எந்தக் குறையும் இருந்திருக்காது. துணையின்றித் தனியாக நின்றது ஒன்றே அவற்றின் குறை. நெல்லியின் பூ எப்படிப்பட்டது, அதில் காய் எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் புதிதாக நடுபவர்கள் ஏமாற மாட்டார்கள். ஏற்கெனவே நிற்கும் மரத்தையும் வெட்டாமலே காய்க்க வைக்கலாம்.

ஆண் மரம் என்று ஒன்றில்லை

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பப்பாளியிலும் ஆண் மரம் தனியாக உண்டு. இதைப் பார்த்துப் பழகியவர்கள் காய்க்காத நெல்லியையும் ஆண் மரம் என்று எண்ணுவது இயற்கையே. ஆனால் நெல்லி அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. ஒரே மரத்தில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியே உண்டாகின்றன. தென்னையைப் போல என்று சொன்னால் எளிதில் விளங்கும். எனவே நெல்லியில் ஆண் மரம், பெண் மரம் என்று பிரிப்பதற்கே இடமில்லை.

இங்கு இன்னொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். வெளிறிய மஞ்சள் நிறத்தில், வரி வரியாகப் புடைத்த புளிப்புக் காய்களைக் கிளையிலேயே கொத்துக் கொத்தாகத் தருவது அரைநெல்லி. அதை அருநெல்லி என்றும் சொல்வர். அது வேறு மரம். இங்கு கூறப்படுவது நம் நாட்டு மலைக்காடுகளில் தானாக வளரும் பெருநெல்லியாகும். "பக்கத்து வீட்டு நெல்லி தனியாக நின்றே காய்த்துக் குலுங்குகிறதே" என்று யாராவது கேட்டால், அது எந்த நெல்லி என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவும்.

பூவைப் பார்ப்பது எப்படி?

நெல்லியின் இலை புளிய இலையைப் போலத் தோன்றும். ஆனால் நாம் ஓர் இலை என்று எண்ணுவது உண்மையில் ஓர் இளங்குச்சி. அதன் இரு பக்கமும் வரிசையாக இருப்பவையே இலைகள். இந்த இளங்குச்சிகள் ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் துளிர்க்கும். மரம் மொட்டையாக நிற்பதைக் கண்டு பட்டுப்போய் விட்டதோ என்று அஞ்சத் தேவையில்லை. உதிர்வது இம்மரத்தின் இயல்பு.

புதுத் துளிரோடுதான் பூவும் வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாசி, பங்குனியில் ஒரு முறையும், ஆனி, ஆடியில் மறுமுறையும் பூப்பதைக் காணலாம். பூக்கள் மிகச் சிறியவை. பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில், இலைக் கணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர் இளங்குச்சியைப் பிடித்து அடியிலிருந்து நுனி வரை பார்த்தால் வேறுபாடு உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கும். அடிப்பாகத்தில் மெல்லிய காம்புகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குபவை ஆண் பூக்கள். நுனியை நோக்கிச் செல்லும்போது, காம்பு இல்லாதது போலக் கணுவோடு ஒட்டி, சற்றுப் பருமனாக, தலையில் பிளவுபட்ட சூலகமுடியோடு ஒன்றிரண்டு பூக்கள் இருக்கும். அவையே பெண் பூக்கள். காயாக மாறுபவை இவை மட்டுமே.

ஆண் பூக்கள் ஏராளம், பெண் பூக்கள் சொற்பம். ஆகவே மரம் நிறையப் பூத்திருக்கிறது என்பதை வைத்து நிறையக் காய்க்கும் என்று கணக்குப் போட இயலாது. உதிரும் பூக்களில் பெரும்பகுதி ஆண் பூக்களே. அவை உதிரத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். கோடையில் கருவுற்ற பெண் பூ உடனே காயாகப் பெருக்காது. கடுகளவுப் பிஞ்சாகவே வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், உறங்கிக் கிடக்கும். மழை கண்டு ஈரம் கிடைத்த பின்னரே பெருக்கத் தொடங்கும். பூ உதிர்ந்த மறுவாரமே காயைத் தேடிவிட்டு, "ஒன்றும் பிடிக்கவில்லை" என்று தீர்ப்புக் கூறுவது தவறு.

தன் மகரந்தம் தனக்கு ஆகாது

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். நெல்லியில் ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்தின் பெண் பூவில் விழுந்தால் பெரும்பாலும் கரு பிடிப்பதில்லை. வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் நன்கு காய் பிடிக்கும். ஒரு சில மரங்கள் தனியாக நின்றே ஓரளவு காய்ப்பதுண்டு. ஆனால் அதை நம்பி நடுவதற்கில்லை. மலைக்காட்டில் பல நெல்லி மரங்கள் அருகருகே நிற்பதால் அங்கு இந்தத் தொல்லை எழுவதில்லை. கொல்லையில் ஒற்றை மரமாக நடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

"அப்படியானால் இரண்டு மரம் நட்டுவிட்டால் போதுமே" என்று தோன்றும். போதும். ஆனால் அந்த இரண்டும் வெவ்வேறு ரகமாக இருக்க வேண்டும். இங்குதான் பலர் இரண்டாம் முறையும் ஏமாறுகிறார்கள். ஒட்டுக்கன்று என்பது தாய் மரத்தின் ஒரு மொட்டிலிருந்து வளர்ந்தது. ஒரே ரகத்தில் நான்கு ஒட்டுக்கன்றுகளை நட்டாலும், ஒரே மரத்தின் நான்கு கிளைகளை நான்கு இடத்தில் ஊன்றியதற்கே அது சமம். நான்கும் ஒன்றுக்கொன்று தன் மகரந்தமே. கூட்டமாக நின்றாலும் அவை தனி மரங்களே.

விதையிலிருந்து முளைத்த நாற்றுகள் அவ்வாறில்லை. ஒவ்வொரு விதைக்கன்றும் குணத்தில் தனித்தன்மை உடையது. ஆகவே இரண்டு விதைக்கன்றுகள் ஒன்றுக்கொன்று துணையாகும். ஒரு விதைக்கன்றும் ஓர் ஒட்டுக்கன்றும் கூடத் துணையாகும். ஆனால் விதைக்கன்று காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். காயும் தாய் மரத்தைப் போல இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும்.

எந்த ரகங்கள்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியிடப்பட்ட ரகம் பி.எஸ்.ஆர். 1. உத்தரப் பிரதேசத்தின் நரேந்திர தேவா வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த என்.ஏ. 7, கிருஷ்ணா, காஞ்சன் ஆகிய ரகங்களும் தமிழ்நாட்டில் பயிரிடப்படுகின்றன. இவற்றுள் என்.ஏ. 7 விரைவில் காய்ப்புக்கு வருவது, பெண் பூக்கள் மிகுதியாக உடையது. காய்ச்சுமை தாங்காமல் கிளைகள் ஒடிவதுண்டு என்பதால் காய்க்கும் காலத்தில் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். காஞ்சன் காய்கள் அளவில் சற்றுச் சிறியவை. ஆனால் தொடர்ந்து நன்கு காய்க்கக் கூடியது. பழைய ரகமான பனாரசியின் காய் பெரிது. எனினும் பெண் பூக்கள் குறைவாக இருப்பதால் விளைச்சலும் குறைவே.

கொல்லையில் இரண்டு மரங்களுக்கு இடம் இருந்தால் பி.எஸ்.ஆர். 1 ஒன்றும் என்.ஏ. 7 ஒன்றும் நடலாம். அல்லது என்.ஏ. 7 உடன் கிருஷ்ணா அல்லது காஞ்சன் நடலாம். நாற்றங்காலில் வாங்கும்போது "நெல்லி ஒட்டு இரண்டு கொடுங்கள்" என்று கேட்காமல், ரகத்தின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கவும். வீட்டுக்கு வந்ததும் ரகப் பெயரை ஒரு தகட்டில் எழுதிக் கட்டிவிடுவது நல்லது. பத்து ஆண்டு கழித்து எது எந்த ரகம் என்று தேடும் வேலை மிஞ்சும்.

ஒரு மரத்துக்கு மட்டுமே இடம் உள்ளவர்கள் பக்கத்து வீட்டாருடன் பேசிக்கொண்டு ஆளுக்கு ஒரு ரகம் நட்டுக்கொள்ளலாம். தேனீக்கு வேலி தெரியாது. கூப்பிடு தூரத்தில் வேறு ரகம் ஒன்று பூத்திருந்தால் அதுவே உங்கள் மரத்துக்கும் துணையாகும்.

நடும் இடமும் முறையும்

நெல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். மாமரத்தின் நிழலில் ஒதுக்கிவைத்தால் உயரமாக வளருமே தவிரக் காய்க்காது. மண்ணைப் பொறுத்தவரை நெல்லி அதிகம் கேட்பதில்லை. மேட்டு நிலம், சரளை நிலம், ஓரளவு களர் நிலம் எல்லாவற்றிலும் வரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. மரம் வலுவற்றது, கிளை எளிதில் முறியும். எனவே ஓட்டுக் கூரைக்கு மேலும், மின் கம்பிக்கு அடியிலும் வளரும்படி நட வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நட வேண்டும். இரண்டு மரங்களுக்கிடையே 20 அடி இடைவெளி தேவை.

3 அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்துச் சில வாரங்கள் ஆறவிட வேண்டும். மேல் மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து குழியை மூடி, பருவ மழை தொடங்கியதும் கன்றை நட வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது. ஒரு குச்சி ஊன்றிக் கன்றைத் தளர்வாகக் கட்டவும். ஆடு, மாடு கடிக்காமல் முள் அடைப்பது அவசியம்.

ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், கீழ்த் துளிர் ஓங்கி வளர்ந்து மேலே கட்டிய ஒட்டை அமுக்கிவிடும். பெயருக்கு ஒட்டு மரம், உண்மையில் வளர்வதோ வேர்ச்செடியான விதைக்கன்று என்ற நிலை ஏற்படும். தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி வரை கிளையின்றி விட்டு, அதற்கு மேல் அகன்று செல்லும் நான்கைந்து கிளைகளை நான்கு திசைக்கும் பரவவிடலாம்.

முதல் இரண்டு, மூன்று கோடைகளில் வாரம் ஒரு முறை தண்ணீர் கொடுத்தால் போதும். வேரூன்றிய பின் வறட்சியைத் தாங்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன் தொழு உரம் இட வேண்டும். முதலில் 10 கிலோவில் தொடங்கி, வளர்ந்த மரத்துக்கு 25 கிலோ வரை கூட்டலாம். சாணக்குழி ஓரத்தில் நிற்கும் மரம் தழைத்து வளர்வதும், பூப்பதில் பின்தங்குவதும் உண்டு. அளவுக்கு மீறிய தழைச்சத்தும் ஓயாத ஈரமும் இதற்குக் காரணமாகும்.

நெல்லியின் நிழல் அடர்த்தியற்றது. ஆகவே அடியில் கீரை, கொத்தமல்லி போன்றவற்றைப் பயிரிட்டுக்கொள்ளலாம்.

காய்க்காத பழைய மரத்துக்கு வழி

பத்துப் பன்னிரண்டு வயதான ஒற்றை மரம் கொல்லையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெண் பூக்கள் இருக்கின்றன, காய் இல்லை. இடம் இருந்தால் வேறு ரகத்தில் ஓர் ஒட்டுக்கன்றை அருகில் நடுவது எளிய வழி. மூன்று, நான்கு ஆண்டுகளில் அது பூக்கும்போது பழைய மரமும் சேர்ந்து காய்க்கும்.

இடம் இல்லாவிட்டால் அந்த மரத்திலேயே வேறு ரகத்தின் கிளை ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். இலை உதிர்ந்த காலத்தில், வெயில் படும் பக்கத்தில் உள்ள நடுத்தரமான கிளை ஒன்றை அடியிலிருந்து இரண்டடி விட்டு அறுக்க வேண்டும். அறுத்த முகத்தில் போர்டோ பசை தடவவும். கோடை மழையில் அந்தக் கட்டையிலிருந்து பல துளிர்கள் கிளம்பும். வலுவான மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். ஆடி, ஆவணி வாக்கில் அவை பென்சில் பருமனுக்கு வந்திருக்கும். அப்போது வேறு ரக மரத்திலிருந்து நன்கு திரண்ட மொட்டுள்ள குச்சியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.

துளிரின் பட்டையில் சுமார் ஓர் அங்குல நீளத்துக்குச் சதுரமாகக் கீறி அந்தத் துண்டை எடுத்துவிட்டு, அதே அளவில் மொட்டோடு எடுத்த பட்டைத் துண்டை அவ்விடத்தில் பொருத்த வேண்டும். மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டவும். மூன்று வாரத்தில் மொட்டு பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது என்று பொருள். கட்டைத் தளர்த்தி, மொட்டுக்கு மேலுள்ள தண்டை வெட்டிவிட வேண்டும். மூன்றில் ஒன்று பிடித்தாலும் வேலை முடிந்தது. பட்டை உரித்து ஒட்டும் இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் அருகிலுள்ள தோட்டக்கலை நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுபவரை அழைத்துச் செய்துகொள்ளலாம்.

இரண்டு, மூன்று ஆண்டுகளில் புதுக் கிளை பூக்கும். அதன் மகரந்தம் மரம் முழுவதற்கும் பயன்படும். மரத்தின் மகரந்தம் அந்தக் கிளைக்குப் பயன்படும். மரத்தில் பெரும்பகுதி அப்படியே நிற்பதால் நிழலும் போகாது. அந்தக் கிளை எதுவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது முதலில் கைக்கு வருவது அதுவாகவே இருக்கும்.

மற்றக் காரணங்களும் உண்டு

எல்லா மரத்துக்கும் துணையின்மையே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோடரியை எடுக்குமுன் இவற்றையும் பார்க்கவும். மரம் விதைக்கன்றா, அதற்குக் காய்க்கும் வயது வந்துவிட்டதா? போதிய வெயில் படுகிறதா? இளங்குச்சிகளின் நுனியில் பெண் பூக்கள் இருக்கின்றனவா? பெண் பூக்களே காணப்படாத மரமாக இருந்தால், துணை மரம் நட்டும் பயனில்லை. அப்போது மேற்கூறிய முறையில் கிளைகளை ஒவ்வோராண்டும் ஒன்றிரண்டாக அறுத்து, நல்ல ரகங்கள் இரண்டின் மொட்டுகளைக் கட்டி மரத்தையே மாற்றிவிடலாம்.

பூத்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளிப்பது பெரும் தவறு. மகரந்தத்தைச் சுமந்து வருபவை தேனீக்களும் சிறு பூச்சிகளுமே. அருகிலுள்ள கத்தரிக்கோ வெண்டைக்கோ மருந்தடிக்க வேண்டியிருந்தாலும் தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலை வேளையில், நெல்லிப் பக்கம் காற்று வீசாதபோது செய்யவும். அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்று வைத்துக்கொள்வோருக்குத் தேனும் கிடைக்கும், காய்ப்பும் கூடும்.

காய் வெளியே நன்றாக இருந்து உள்ளே பழுப்பாகக் கருகியிருந்தால் அது போரான் சத்துக் குறைவாக இருக்கலாம். பிரான்சிஸ் ரகத்தில் இது அதிகம். காய் பெருக்கும் பருவத்தில் லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம் போராக்ஸ் கரைத்து இரு வார இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளிக்கலாம். இளந்தண்டில் முடிச்சுப் போலப் புடைத்திருந்தால் உள்ளே புழு இருக்கும். புடைப்போடு அந்தத் தண்டை வெட்டி எரித்துவிடவும். அடிமரத்தில் மரத்தூளும் எச்சமும் சேர்ந்து நூலாம்படை போல ஒட்டியிருந்தால் பட்டை தின்னும் புழு என்று அறியலாம். அதைத் துடைத்து எடுத்து, துளையில் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் பூச வேண்டும்.

பறிப்பும் பயனும்

காயின் கரும்பச்சை மாறி, வெளிர் மஞ்சளாகிக் கண்ணாடி போலத் தோன்றும்போது பறிக்கலாம். ஒன்றை உடைத்துப் பார்த்தால் விதை பழுப்பாக மாறியிருக்கும். கிளையை உலுக்கி உதிர்க்கக் கூடாது. அடிபட்ட காய் விரைவில் அழுகும், கிளையும் முறியும். கையால் பறிப்பதே நல்லது.

நெல்லிக்காய் 100 கிராமில் வைட்டமின் சி சில நூறு மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆரஞ்சு முதலிய பழங்களில் உள்ளதைவிட இது பல மடங்கு. வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய காயைச் சந்தையில் விலை இறங்கிய நாளில் வந்த விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. காயைச் சில நிமிடங்கள் ஆவியில் வைத்தால் சுளை சுளையாகப் பிரியும். விதையை நீக்கி உப்பிட்டு உலர்த்தி வற்றலாகவோ, தொக்காகவோ, தேன் நெல்லியாகவோ செய்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் பயன்படும். வீட்டுப் பெண்களுக்குச் சிறு வருமானத்துக்கும் வழியாகும்.

கொல்லையில் காய்க்காமல் நிற்கும் நெல்லியை வெட்டுவதற்கு முன் வரும் மாசியில் ஒரு நாள் காலையில் அதன் அடியில் போய் நிற்கவும். தாழ்ந்த கிளையில் ஓர் இளங்குச்சியைப் பிடித்து நுனியைப் பார்க்கவும். காம்பில்லாமல் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு பூ கண்ணில் பட்டால் மரத்தைத் தொட வேண்டாம். பக்கத்தில் வேறு ரகக் கன்று ஒன்றுக்குக் குழி எடுக்கவும்.